நிற்காவிட்டால் பிளக்கைப் பிடுங்கவும்

போன மாதம் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போனில் பேசினாள். நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்குச் சேர்ந்தவள், முகம் தெரியாது. புதுக் கட்டடத்தில் 'கைவேலை அறை' என்று ஒன்று திறக்கப் போகிறார்களாம். நாளெல்லாம் கம்ப்யூட்டரில் தட்டுகிறவர்கள் சாயங்காலம் வந்து மரம் இழைக்கலாமாம், ஒயர் பற்றவைக்கலாமாம், பொம்மை செய்யலாமாம். "மேடம், அந்தக் காலத்து சனிக்கிழமைக் கூட்டத்துல இருந்ததுல நீங்கதான் ஊர்லயே இருக்கீங்க. கையால ஒண்ணு செய்யுதது நம்ம வேலைக்கு எப்படி உதவுதுன்னு ரெண்டு பக்கம் எழுதித் தாங்க. ஜாலியா இருக்கட்டும்" என்றாள். கூடவே ஒரு படத்தையும் அனுப்பியிருந்தாள். கட்டுரைக்கு மேலே அதைப் போடப் போகிறார்களாம்.

படத்தைப் பார்த்ததும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஜாலியாக எழுத வராது தாயி. இரண்டு பக்கத்திலும் அடங்காது. ஆனாலும் கேட்டுவிட்டாய், எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் கிழித்துப் போடு.

நான் முப்பத்து மூன்று வருடம் சோதனைக்காரி. புரோகிராம் எழுதுகிறவர்கள் எழுதுவார்கள். அது எங்கே உடையும் என்று தேடிப் பிடிப்பது என் வேலை. பாளையங்கோட்டையில் கணிதம் படித்துவிட்டுச் சென்னைக்கு வேலைக்குப் போகிறேன் என்றதும், தாலுகா ஆபீசில் இருந்த அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பேசாமலேயே போய் ரயில் டிக்கெட்டும் எடுத்து வந்து மேசையில் வைத்தார். சென்னையில் டேட்டா அடித்தேன், அடித்த டேட்டாவில் தப்புக் கண்டுபிடித்தேன், சோதனைப் பிரிவில் போட்டார்கள். திருநெல்வேலியில் கிளை திறந்த அன்றே மாற்றல் கேட்டு ஓடி வந்துவிட்டேன். கற்றுக்கொண்ட கதை அவ்வளவுதான்.

வண்ணாரப்பேட்டையில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடி எங்கள் அலுவலகம். அங்கே என் கையில் ஒரு அதிகாரம் இருந்தது. கண்டுபிடிக்கிற குறை ஒவ்வொன்றுக்கும் நான்தான் வகை போட வேண்டும். முதல் வகை என்றால் அந்தப் புரோகிராம் வெளியே போகக் கூடாது. யார் தலைகீழாக நின்றாலும் போகக் கூடாது. இரண்டாம் வகை என்றால் போகலாம், பத்து நாளில் சரிசெய்ய வேண்டும். மூன்றாம் வகைக்கு 'நோன் இஷ்யூ', அதாவது தெரிந்த குறை, என்று பெயர். குறை இருப்பது எங்களுக்குத் தெரியும், இருந்துவிட்டுப் போகட்டும், அது வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி எழுதிக் கூடவே கொடுத்துவிடுவோம். 'திரை உறைந்தால் அணைத்துவிட்டு மீண்டும் போடவும்' என்கிற மாதிரி. உலகத்தில் எந்த மென்பொருளும் இந்தப் பட்டியல் இல்லாமல் வெளியே போவதில்லை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றுதான் எங்களைப் பழக்கினார்கள்.

கிளைக்குத் தலைவர் சங்கரலிங்கம் சார். சேரன்மகாதேவிக்காரர். நெற்றியில் பட்டையாக விபூதி, மடிப்புக் கலையாத அரைக்கைச் சட்டை, பையில் எப்போதும் சீவிய பென்சில் ஒன்று. அவர் பேசுவது பக்கத்து நாற்காலிக்குக்கூடக் கேட்காது. அதனாலேயே முப்பது பேரும் வாயை மூடிக்கொண்டு காதைக் கொடுப்பார்கள். யாரையும் வைது நான் பார்த்ததில்லை. ஒருவன் தப்புச் செய்துவிட்டால் அறைக்குக் கூப்பிட்டு, "காப்பி குடிச்சியாய்யா?" என்று கேட்பார். குடிக்கவில்லை என்றால் வரவழைத்துக் கொடுப்பார். அவன் குடித்து முடிக்கிற வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்புறம் பென்சிலை எடுத்து, தாளில் அந்தத் தப்பு இருக்கும் வரியை மட்டும் எழுதி அவன் பக்கம் திருப்பி வைப்பார். அதற்கு நாலு அறை அறைந்திருக்கலாம் என்று பையன்கள் சொல்வார்கள்.

எனக்கு அவர் மேல் மரியாதை வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு நாங்கள் புரோகிராம் எழுதினோம். நம்ம ஊரில் எஸ். முருகன் என்று தெருவுக்குப் பத்துப் பேர். ஒரே பெயரும் ஒரே வயதுமாக இரண்டு பேர் ஒரே நாளில் வந்தால், ஒருவனுடைய ரத்த வகை இன்னொருவனுடைய சீட்டில் ஏறிவிடுகிறது என்று கடைசி நாளில் கண்டுபிடித்தேன். முதல் வகை போட்டேன். தலைமை அலுவலகத்திலிருந்து போன் மேல் போன். "லட்சத்துல ஒண்ணு நடக்கும், இதுக்குப் போயி நிறுத்துதீங்களா" என்று ஒருவர் கத்துவது எனக்கே கேட்டது. சார் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "கோமதி நிறுத்துனா நிறுத்துனதுதான் சார்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்குக் கால் தரையில் படவில்லை.

சனிக்கிழமைக் கூட்டத்தை ஆரம்பித்ததும் அவர்தான். "நாளு முழுக்கத் தட்டுதோம். சாயந்தரம் எழும்பிப் பாத்தா கையில புடிச்சுப் பாக்க ஒண்ணுமே இல்லியே கோமதி" என்பார். உண்மைதான். பத்து வருடம் நான் பாடுபட்ட ஒரு புரோகிராமை ஒரே நாளில் அணைத்து எறிந்தார்கள், குப்பைகூட மிஞ்சவில்லை. ஒரு தச்சன் செய்த கதவு பூட்டன் காலத்திலிருந்து நிற்கிறது. அந்த ஆற்றாமை எங்கள் எல்லோருக்கும் இருந்தது. கார் நிறுத்துமிடத்தில் ஒரு ஓரத்தைத் தடுத்து மேசை போட்டோம். சனிக்கிழமை மத்தியானம் எட்டுப் பத்துப் பேர் கூடுவோம். ஒருவன் ரேடியோ செய்தான். ஒருத்தி செடிக்குத் தானே தண்ணீர் விடும் குழாய் செய்தாள். சார் மரத்தில் புத்தகத் தாங்கி செய்தார். நான் ஒரு முக்காலி செய்தேன். இழைப்புளியைத் தள்ளும்போது சுருள் சுருளாக வரும் தேக்கு வாசத்துக்கு நான் அடிமையாகிவிட்டேன் என்பதை மறைக்க மாட்டேன். முக்காலி ஆடியது. ஒரு காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்தேன். "நோன் இஷ்யூ" என்று சொல்லி எல்லோரும் சிரித்தோம்.

இசக்கிமுத்து அந்தக் கூட்டத்துக்கு வந்தது ஒரு காரியத்தோடு. நல்ல புரோகிராமர், ஸ்ரீவைகுண்டத்துக்காரன், அப்போது முப்பது வயதிருக்கும். அவனுடைய அண்ணன் சுப்பையா வாழைத்தார் ஏற்றும் வேலை பார்த்தவர். லாரி மேலிருந்து விழுந்து முதுகுத்தண்டு போய்விட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. தன்னைப் படிக்கவைத்து ஆளாக்கியவர் என்று இசக்கி சொல்வான். "அண்ணனைக் கட்டில்லேருந்து சக்கர நாற்காலிக்கு மாத்தணும்னா பக்கத்து வீட்டு ஆளு ரெண்டு பேரு வேணும்க்கா. தினம் போயிக் கூப்பிட முடியுமா? மதினி ஒத்தையில இழுத்து இழுத்து அவளுக்கும் இடுப்பு போச்சு. அவரு கேக்கது ஒண்ணுதான். அணைக்கட்டுல தண்ணி விழுகதைப் பாக்கணுமாம். வீட்டுலேருந்து கூப்பிடு தூரம். ஒரு வருசமாச்சு, பாக்க முடியல" என்றான்.

செய்துவிடலாம் என்றார் சார். எல்லோருக்கும் அப்படி ஒரு உற்சாகம். ரேடியோவும் புத்தகத் தாங்கியும் எத்தனை நாளைக்கு? இது ஒரு மனுசனுக்கு. ஆஸ்பத்திரிகளில் இதற்கென்றே செய்த இயந்திரம் இருக்கிறதே, வாங்கிவிடலாமே என்று ஒருவர் சொன்னார். "வாங்குனா அதுல நாம என்னய்யா செஞ்சோம்?" என்றார் சார். அந்த வாக்கியம் எனக்கு அப்போது எவ்வளவு பிடித்திருந்தது என்று நினைத்தால் இப்போது வாயைக் கழுவ வேண்டும் போலிருக்கிறது.

இரும்புக் குழாயில் கட்டிலைச் சுற்றி நிற்கிற மாதிரி ஒரு சட்டம். மேலே ஒரு உத்திரம். அதில் ஒரு மோட்டார், மோட்டாரிலிருந்து கம்பிக் கயிறு, கயிற்றின் நுனியில் கொக்கி. ஆளைக் கித்தான் விரிப்பில் கிடத்தி அதன் நாலு முனையையும் கொக்கியில் மாட்ட வேண்டும். பட்டனை அமுக்கினால் தூக்கும், விரலை எடுத்தால் நிற்கும். 'தூக்கி' என்று பெயர் வைத்தோம். சட்டத்தைப் பற்றவைத்துக் கொடுத்தவர் வெல்டிங் பட்டறை செல்லத்துரை அண்ணாச்சி. மிச்சமெல்லாம் நாங்கள். மிச்சமெல்லாம் நாங்கள் என்பதில்தான் வினையே இருந்தது. சாதாரண எலக்ட்ரீசியன் ஒருவன் செய்திருந்தால் பட்டனிலிருந்து நேராக மோட்டாருக்கு ஒயர் இழுத்திருப்பான். விரலை எடுத்தால் கரண்ட் போகாது, மோட்டார் நிற்கும், தீர்ந்தது. நாங்கள் மென்பொருள்காரர்கள் அல்லவா? பட்டனை ஒரு சிப்போடு இணைத்தோம். பட்டன் சிப்புக்குச் சொல்லும், சிப் யோசித்து மோட்டாருக்குச் சொல்லும். எவ்வளவு வேகம், எவ்வளவு உயரம், பைய எடுத்துப் பைய நிறுத்துவது எல்லாம் புரோகிராமில். எங்களுக்குத் தெரிந்தது அதுதானே, எதைத் தொட்டாலும் அதைத்தான் அதற்குள் நுழைப்போம்.

சட்டத்தைக் கொண்டுவந்து இறக்கிய அன்று செல்லத்துரை அண்ணாச்சி எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "கொக்கி மேல போயி முட்டுனா கரண்டை வெட்டுத மாதிரி ஒரு சுவிட்சு போட்டுருங்க சார். என் பட்டறைல சின்னச் சாமான் தூக்குததுக்கே போட்டுருக்கேன்" என்றார்.

"அதையெல்லாம் சாஃப்ட்வேரே பாத்துக்கிடும் அண்ணாச்சி" என்றார் சார்.

"சாஃப்ட்வேரை யாரு வே பாத்துக்கிடுவா?" என்றார் அண்ணாச்சி.

எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

சோதனை என் பொறுப்பு. கேண்டீனிலிருந்து இரண்டு அரிசி மூட்டையை வாங்கி வந்து சேர்த்துக் கட்டி, விரிப்பில் கிடத்தினோம். தூக்கு, நிறுத்து, நகர்த்து, இறக்கு. இது ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் நோட்டில் ஒரு கோடு. முப்பத்தோராவது சுற்றில் விரலை எடுத்துவிட்டேன், மூட்டை ஏறிக்கொண்டே இருந்தது. பட்டனை மறுபடி அமுக்கினேன், கீழே இறங்கும் பட்டனை அமுக்கினேன், ஒன்றும் கேட்கவில்லை. கொக்கி மேலே போய் முட்ட ஒரு சாண் இருக்கும்போது இசக்கி பிளக்கைப் பிடுங்கினான். பிளக் பெட்டி அவன் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. மோட்டார் ஒயரில் கிளப்பும் மின் இரைச்சலில் சிப் உறைந்துபோகிறது என்று அவனுக்கு உடனே சந்தேகம். இன்னும் நாற்பது சுற்று ஓட்டினோம். திரும்ப வரவே இல்லை.

'திரும்ப வரலையே.' என் வேலைக் காலத்தில் இதைவிட அதிகமாக நான் கேட்ட வார்த்தை கிடையாது. திரும்ப வராத குறைதான் கொல்லும் குறை என்று புதிதாக வருகிறவர்களுக்கு நானே வகுப்பெடுத்திருக்கிறேன். நோட்டில் முதல் வகை என்று எழுதினேன்.

சார் நோட்டை வாங்கிப் பார்த்தார். அடுத்த வெள்ளிக்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து ஆள் வருகிறார்கள். எல்லாக் கிளைகளிலும் இந்த மாதிரிக் கைவேலைக் கூட்டங்களைப் பார்த்துப் படமெடுத்துப் போட்டி வைத்திருந்தார்கள். குறையைச் சரிசெய்ய இசக்கி இரண்டு வாரம் கேட்டான்.

"கோமதி, எழுபத்தொரு தடவையில ஒரு தடவை. அதுவும் பிளக்கைப் புடுங்குனா நிக்கு" என்றார் சார், அந்த மெல்லிய குரலில். "இது ஆபீஸ் வேலை இல்லம்மா, பொழுதுபோக்குக்குச் செய்யுதோம். இதுக்கும் முதல் வகை போட்டா எப்படி? மூணுல போடு. ஒரு வரி எழுதி ஒட்டிரு. ரெண்டு வாரம் கழிச்சு இசக்கி சரிபண்ணிருவான்."

"வேண்டாம் சார்" என்று இசக்கி சொன்னான். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். "ஆனா அண்ணன் தினம் கேக்காரு. எப்பம்ல வரும், எப்பம்ல வரும்னு. நீங்களே சொல்லுங்கக்கா."

முதல் வகை என்று எழுதியதை அடித்துவிட்டு மூன்று என்று எழுதினேன். யாரும் என் கையைப் பிடித்துத் திருப்பவில்லை. முருகன்களுக்காகத் தலைமை அலுவலகத்தையே எதிர்த்து நின்ற அதே கை. பொழுதுபோக்கு என்ற ஒரு வார்த்தையில் என் முப்பது வருடத் தொழிலைக் கழற்றி வைத்துவிட்டேன். அப்புறம் ஒரு அட்டையில், என் கையெழுத்து குண்டு குண்டாக அழகாக இருக்கும், ஸ்கெட்ச் பேனாவால் எழுதினேன்: 'நிற்காவிட்டால் பிளக்கைப் பிடுங்கவும்.' பிளாஸ்டிக் உறை போட்டு இசக்கியிடம் கொடுத்தனுப்பினேன். வெள்ளிக்கிழமை சுப்பையாவின் வீட்டில் தூக்கியைப் பொருத்தினார்கள். எனக்கு வேறொரு வேலை இருந்ததால் ஸ்ரீவைகுண்டத்துக்கு நான் போகவில்லை.

படம் எடுத்தார்கள். அதுதான் நீ அனுப்பிய படம். சுப்பையா விரிப்பில் அந்தரத்தில் இருக்கிறார், வாயெல்லாம் சிரிப்பு. சார் பட்டன் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். சுப்பையாவின் மனைவி பேச்சியம்மாளின் தோளும் அரை முகமும் ஓரத்தில் வெட்டுப்பட்டிருக்கிறது. சுவரில் என் அட்டை. அந்தப் படம் அலுவலகத்துக்கு வந்தபோது நான் பார்த்தது என் கையெழுத்தை மட்டும்தான். எழுத்து நேராக இருக்கிறதா, வாசிக்கத் தெரிகிறதா என்று. அதே படத்தில், அட்டைக்கு எதிர்ப்பக்கம், ஒரு பீரோ நிற்கிறது. கறுப்பு ஒயர் தரையில் ஓடி அந்தப் பீரோவுக்குப் பின்னால் போகிறது. நீயும் நல்லா உத்துப் பாரு, தெரியும்.

போட்டியில் எங்கள் கிளை ஜெயித்தது. பதினோரு நாள் தூக்கி வேலை செய்தது. அந்தப் பதினோரு நாளில் மூன்று தடவை பேச்சியம்மாள் அவரை அணைக்கட்டுக்குத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறாள். தண்ணீர் விழுவதைப் பார்த்துக்கொண்டு, தெரிந்தவன் தெரியாதவன் எல்லோரையும் கூப்பிட்டு, "எந்தம்பி செஞ்ச மிசினுலே, ஒத்த விரலுல தூக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். இதை இசக்கி என்னிடம் சொன்னபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பன்னிரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு அது நிற்கவில்லை. பேச்சியம்மாள் விரலை எடுத்தாள், ஏறிக்கொண்டே போனது. கொக்கி மேலே போய் முட்டியது, மோட்டார் விடாமல் இழுத்தது, கம்பிக் கயிறு அறுந்தது. சுப்பையா கட்டில் சட்டத்தில் மோதித் தரையில் விழுந்தார். தொடை எலும்பு இரண்டாக முறிந்தது. அவருக்கு வலி தெரியவில்லை. "ஒண்ணும் இல்ல பிள்ள, வலிக்கல" என்று பெண்டாட்டியைத் தேற்றியிருக்கிறார். எப்படி வலிக்கும்?

இரண்டு நாள் கழித்துத்தான் அந்த வீட்டுக்கு முதல்முறையாகப் போனேன். அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். பேச்சியம்மாள் மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்திருந்தாள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். நான் யாரென்று சொன்னேன். அட்டையை எழுதியது நான் என்றும் சொன்னேன். நடந்ததைக் காட்டு என்று கேட்டேன், சோதனைக்காரி புத்தி. அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"அவுகளைத் தூக்கையில காலு ரெண்டும் தொங்கும்க்கா. உணர்ச்சி இல்லைல்லா, கம்பியில போயி இடிச்சிக்கிடும். அதான் ஒரு கையால காலைச் சேத்துப் புடிச்சிக்கிட்டு ஒரு கையால பட்டனை அமுக்குவேன். அன்னைக்கு நிக்கலை. பட்டனைப் போட்டுட்டு ரெண்டு கையாலயும் காலைப் புடிச்சி இழுத்தேன்" என்றாள்.

பிளக் எங்கே என்று கேட்டேன். பீரோவைக் காட்டினாள். கட்டிலிலிருந்து நடந்து பார்த்தேன். நாலு எட்டு. அப்புறம் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே தோள் வரைக்கும் கையை நுழைத்தால்தான் பிளக் விரலில் படுகிறது. அந்த வீட்டில் வேறு பிளக் பாயிண்ட் இல்லை. எங்கள் கார் நிறுத்துமிடத்தில் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்த பிளக்கைப் பார்த்து நான் எழுதிய வரி அது.

"அட்டையைப் படிக்கலையாம்மா?" இதைக் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

"படிச்சேன்க்கா" என்றாள். "அவுக மேல போகையில அதைத்தான் பாத்துக்கிட்டே நின்னேன். காலை விட்டுட்டு எப்படிப் போக?"

அந்த வாரமே சார் ஒரு கூட்டம் போட்டார். எதனால் நடந்தது என்று ஆராய்ந்து எழுதுவது எங்கள் தொழிலில் வழக்கம். சார், இசக்கி, நான், இன்னும் இரண்டு பேர். "காப்பி குடிச்சியாய்யா?" என்று சார் இசக்கியிடம் கேட்டார். காப்பி வந்தது, ஆடை படிந்து ஆறிப்போனது. சார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பென்சிலால் ஒரு தாளில் ஒரு வரி எழுதி எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். 'பயன்படுத்தியவர் எழுத்தில் கொடுக்கப்பட்ட அறிவுறுத்தலைப் பின்பற்றவில்லை.'

இசக்கி அதை இரண்டு தடவை வாசித்தான். "எங்க மதினி தப்புப் பண்ணிட்டான்னு எழுதியிருக்கியளா சார்?"

"யாரையும் குத்தம் சொல்லலைய்யா. தலைமை ஆபீசுக்கு ஒரு காரணம் எழுதணும்லா. இந்தக் கிளையில முப்பது பேரு வேலை பாக்காங்க. கம்பெனி பேருல ஒரு சாமானைச் செஞ்சி ஒருத்தரு விழுந்துட்டாருன்னு போனா, கிளையையே மூடிருவான். நீயே யோசி" என்றார் சார். குரல் ஒரு இழைகூட உயரவில்லை. மெதுவாகப் பேசுகிறவர்களை இன்றைக்கும் நான் நம்புவதில்லை.

"கோமதியக்கா, நீங்க சொல்லுங்க" என்றான் இசக்கி. "நீங்க அந்த வீட்டுக்குப் போனீங்கல்லா. பிளக் எங்கன இருக்குன்னு பாத்தீங்கல்லா."

நான் பார்த்தேன். தோள் வரை கையை விட்டுப் பார்த்தேன். அந்த அறையில் அதைச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி, முதல் வகையை மூன்றாக மாற்றியது யார் என்பது. நோட்டில் அடித்தலுக்குப் பக்கத்தில் என் சுருக்கொப்பம் இருக்கிறது. "அட்டையில தெளிவாத்தான் எழுதியிருந்தேன்" என்றேன். அந்தத் தாளில் சாருக்குக் கீழே கையெழுத்தும் போட்டேன். இழவு, என் அட்டை அந்த மனுசனைக் காப்பாற்றவில்லை, என்னைக் காப்பாற்றியது.

இசக்கி எழுந்து போய்விட்டான். சண்டை போடவில்லை. மாதம் முடிந்ததும் வேலையை விட்டான். இப்போது ஓசூர்ப் பக்கம் எங்கோ இருக்கிறான். வீட்டில் பல்பு மாட்டக்கூட ஆளைக் கூப்பிடுகிறான் என்று கேள்விப்பட்டேன். சங்கரலிங்கம் சாருக்கு மறு வருடம் பதவி உயர்வு வந்தது. சனிக்கிழமைக் கூட்டம் தானாக நின்றுபோனது. நான் அதற்கப்புறம் இழைப்புளியைத் தொடவில்லை. முக்காலி மட்டும் வீட்டில் இருக்கிறது, அட்டையோடு.

சுப்பையா ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு, "என்னை யாரும் தூக்காதீங்க" என்று சொல்லிவிட்டார். மனுசர்கள் தூக்க வந்தாலும் கட்டில் சட்டத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வாராம். மூன்று வருடம் கிடந்தார். படுக்கைப் புண் வந்து போய்ச் சேர்ந்தார். அணைக்கட்டு கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது.

நீ படம் அனுப்பிய மறுநாள் பஸ் ஏறி ஸ்ரீவைகுண்டம் போனேன். ஏன் போனேன் என்று கேட்காதே. பேச்சியம்மாள் கதவைத் திறந்தாள், என்னை அடையாளம் தெரிந்தது. "வாங்கக்கா" என்றாள். அவ்வளவு சாதாரணமாக அவள் கூப்பிட்டதை என்னால் தாங்க முடியவில்லை. மகளுக்குக் குழந்தை பிறந்து மூன்று மாதமாம், மகள் குளிக்கப் போயிருந்தாள். அதே அறை. மோட்டாரை இசக்கி அன்றைக்கே கழற்றி எறிந்துவிட்டான். செல்லத்துரை அண்ணாச்சி பற்றவைத்த சட்டம் மட்டும் நின்றது. அதில் சேலையைக் கட்டித் தொட்டில் போட்டிருந்தார்கள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. சுவரில் என் அட்டை, உறை மஞ்சளித்துப்போய், அப்படியே இருந்தது.

"இதுலயா பிள்ளையைப் போட்டுருக்க?" என்றேன்.

"நல்ல இரும்புக்கா. ஒண்ணும் செய்யாது" என்றாள்.

"பிள்ளையை எடு. ஒரு நிமிசம் எடு."

என்னமோ நினைத்துக்கொண்டு எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். நான் சேலையை ஒதுக்கிவிட்டு உத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்தேன். நாலு பக்கமும் ஆட்டினேன். பற்றவைத்த இடம் ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்தேன். பிறகு காலைத் தூக்கிக்கொண்டு என் முழு எடையையும் கொடுத்துத் தொங்கினேன். அறுபது வயதுக்காரி, சேலையைச் செருகிக்கொண்டு, வௌவால் மாதிரி. இறங்கினேன், மறுபடி தொங்கினேன். எண்ணிக்கொண்டே தொங்கினேன். முழங்கை நடுங்கி, மூச்சு வாங்கி, இனி முடியாது என்கிற வரைக்கும் தொங்கினேன். சட்டம் அசையவில்லை.

பேச்சியம்மாள் குழந்தையைத் தட்டிக்கொடுத்தபடி பார்த்துக்கொண்டே நின்றாள். நான் கட்டிலில் உட்கார்ந்ததும், குரலில் கோபமே இல்லாமல் சொன்னாள்.

"இதை அன்னைக்கு வந்து செஞ்சிருக்கலாம்லாக்கா."